ட்ரப்போ பூங்கா யாருக்கு, நடக்கப் போகிறவருக்கா பாட்டுக் கேட்கப் போகிறவருக்கா?

மஞ்சள்லைன்:
ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு மொன்றியலில் ஆறு காட்டுகிறேன் என்று போன சனிக்கிழமை ஜோன் ட்ரப்போ பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரி-யுக்காமில் மெற்றோ மாறும்போதே நெரிசல். எல்லாம் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள், கையில் துணிப்பட்டி, கன்னத்தில் மினுக்கம். ஒரே ஒரு நிறுத்தம்தான், அதற்குள் அம்மா இரண்டு தரம் "என்ன பிள்ளை, திருவிழாவோ?" என்று கேட்டுவிட்டா. மேலே வந்தால் இசை விழாவுக்கு வேலி. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், சுற்றிப் போகச் சரிவராது. ஒரு மரத்தடி வாங்கில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். நாள் பார்க்காமல் போனது என் பிழை, சரி. ஆனால் பொதுப் பூங்காவைக் கோடையின் நல்ல சனி ஞாயிறில் வேலி போட்டு ரிக்கெற் வைத்திருப்பவருக்கு மட்டும் என்று விடலாமா? எங்களுக்குக் கோடை என்று இருப்பதே மூன்று மாதம்.

தாளக்கட்டு:
அண்ணை, பூங்கா மொத்தம் 268 ஹெக்டேயர். விழா பிடிப்பது அதில் ஒரு பங்கு. பூங்கா இரண்டு தீவில் இருக்கிறது, பாலத்தைத் தாண்டி மற்றத் தீவான நோத்ர் டாமுக்குப் போயிருந்தால் பூந்தோட்டம், வாய்க்கால், கடற்கரை மாதிரி மணல் எல்லாம் இருக்கிறது. அப்புறம், அந்த இடத்தின் கதையையும் பாருங்கோ. நோத்ர் டாம் தீவே 1967 உலகக் கண்காட்சிக்காக ஆற்றில் மண்ணும் கல்லும் கொட்டி எழுப்பியது, மெற்றோ தோண்டிய கல்லும் அதற்குள் கிடக்கிறது. ஆறு மாதத்தில் 5 கோடித் தரம் சனம் வந்து போன இடம். கூட்டத்துக்காகவே கட்டிய இடத்தில் கூட்டம் என்று கோபித்தால் எப்படி? நீங்கள் பார்த்த ஒஷியாகா இசை விழா 2006இலிருந்து நடக்கிறது, ஓகஸ்ட் தொடக்கத்தில் வரும் என்று ஊருக்கே தெரியும்.

மறுகரை:
வேலிக்கு உள்ளே இருப்பவர் காசு கொடுத்துக் கேட்கிறார், நாங்கள் ஆற்றின் மறுகரையில் சென் லம்பேர் நகரத்தில் காசு கொடுக்காமல் கேட்கிறோம். கேட்க விருப்பமா என்று யாரும் விசாரித்ததில்லை. பாட்டு வந்தாலாவது பரவாயில்லை, வருவது பேஸ் என்கிற அந்தத் தடித்த அடியொலி மட்டும்தான். இரவில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும், மேலே சூடு, அதனால் மேலே போகவேண்டிய சத்தம் கீழே வளைந்து ஆற்றின் மேலாலே எங்கள் பக்கம் வந்து இறங்கும், நடுவில் மறிக்க ஒரு மதிலும் இல்லை. யன்னலைச் சாத்தினாலும் அலுமாரிக் கண்ணாடிக்குள் தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடு ஒன்று தட்டுப்படும். நான் எழும்பிப் போய் ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவில் கடதாசி மடித்து வைத்திருக்கிறேன். எங்கள் நகரசபை இதைப்பற்றி எத்தனையோ வருடமாகப் புகார் சொல்லி வருகிறது.

தாளக்கட்டு:
11 மணிக்கு நிற்பாட்டிவிடுவார்கள், மூன்று நாள் கதை. நல்லூரில் 25 நாள் திருவிழா நடக்கும்போது ஒலிபெருக்கிக்கு நாங்கள் யாராவது வாய் திறந்தோமா?

மறுகரை:
நல்லூரில் வாசலில் ரிக்கெற் கேட்கிறவர் இல்லைத் தம்பி. அதோடு மூன்று நாள் என்பது ஒரு விழாவின் கணக்கு. மற்ற விழாக்கள், கார்ப் பந்தயம், வாணவேடிக்கை எல்லாவற்றையும் கூட்டிப் பாரும்.

மஞ்சள்லைன்:
எனக்குச் சத்தத்தில் அவ்வளவு கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் அம்மா அந்த வாங்கில் இருந்து "தவில்காரன் நல்லாத்தான் அடிக்கிறான்" என்றுகூடச் சொன்னா. எனக்கு நோகிறது மரம். 65,000 பேர் நிற்கத் திறந்தவெளி அரங்கு 2019இல் திறந்தார்களே, அந்த வேலைக்கு ஏறக்குறைய 1,000 மரம் வெட்டினார்கள். விழா முடிந்தால் வேலியைக் கழற்றிவிடலாம், போன மரம் வருமா? பனி கொட்டுகிற மாதத்திலும் அந்த வெட்டவெளி அங்கேதான் கிடக்கும். தம்பி சொன்ன மூன்று நாள் கணக்குக்குள் அது வராது.

தாளக்கட்டு:
மரத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அதை விடுவோம். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கோ. மொன்றியலின் பார்க் எக்ஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் வளர்ந்தவன் நான், எங்களுக்கு வெளியில் இருக்க ஒரு முற்றம் கிடையாது. இந்தத் தீவில் முதல் தரம் கால் வைத்ததே பிக்னிக் எலக்ரோனிக் என்கிற நடன இசை நிகழ்ச்சிக்கு, 2003இல் கால்டர் என்ற சிற்பியின் பெரிய இரும்புச் சிற்பத்துக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கிய ஆட்டம் அது. பாட்டுக்குப் போனதால்தான் பூங்காவைத் தெரியும். இப்போது பாட்டு இல்லாத நாளும் போகிறேன். என்னைப் போல எத்தனையோ பேர்.

பெடல்காரன்:
இரண்டு பக்கத்துக்கும் நடுவால் ஒரு வார்த்தை. பூங்காவுக்குப் போக நேரம் காலை எட்டு மணி, அதுவும் கிழமை நாளில். நான் வேலைக்கு முன் சைக்கிளில் போகிறவன். அந்தச் சிற்பத்துக்கு வர்ணம் அடிக்கவில்லை, வெறும் துருப்பிடிக்காத உருக்கு, காலை வெயில் படும்போது கால்களுக்கு இடையால் ஆறும் நகரமும் தெரியும். விழா முடிந்த திங்கட்கிழமை மட்டும் கொஞ்சம் அசிங்கம்தான், புல் மிதிபட்டுச் சேறாகி, பிளாஸ்டிக் கோப்பை பொறுக்குகிற பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு குனிந்து நிற்பார்கள். அண்ணை, செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, மெற்றோவுக்குப் பக்கத்திலேயே பயோஸ்பியர் அருங்காட்சியகத்தின் பெரிய கோளம் இருக்கிறது, தூரம் நடக்கத் தேவையில்லை.

மஞ்சள்லைன்:
செவ்வாய் சரி. இந்தமுறை நாள் பார்த்துவிட்டேன்.

மறுகரை:
நீங்கள் செவ்வாய் போங்கோ. விழா முடிகிற ஞாயிறுக்கு அடுத்த திங்கள் காலை யாராவது போனால் சொல்லுங்கோ, நானும் வருகிறேன், முதல்நாள் இரவு எப்படியும் நித்திரை இல்லை.