ஒரு ஹெச்.பி. மோட்டார் கணக்கில் ஒரு சந்தேகம், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், வேலை, திறன் பாடத்துக்கு எங்கள் வீட்டு மோட்டாரையே கணக்காகப் போட்டுப் பார்த்தோம். 1000 லிட்டர் தொட்டி 10 நிமிடத்தில் நிரம்புகிறது, தொட்டி தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவள் 1000 × 9.8 × 12 என்று போட்டு 1,17,600 ஜூல், அதை 600 நொடியால் வகுத்து 196 வாட் என்றாள். கிணற்றில் தண்ணீர் 8 மீட்டர் கீழே கிடக்கிறதே, அங்கிருந்துதானே தூக்குகிறோம், அப்படியானால் உயரம் 20 மீட்டர், திறன் சுமார் 327 வாட் என்பது என் கணக்கு. இது சரிதானே?

அப்புறம், ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட். மீதி 419 வாட் எங்கே போகிறது? தண்ணீர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழுந்தாலும் அதன் இயக்க ஆற்றல் மொத்தமே 4500 ஜூல்தான், அதாவது 7.5 வாட். குழாய் உராய்வும் பம்பின் இழப்பும் இவ்வளவு தின்னுமா? மோட்டாரில் போட்டிருக்கும் ஹெச்.பி. தண்டில் கிடைக்கும் திறனா, இழுக்கும் மின்சாரமா? அவளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது, தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.