மகளின் காஸ்பிளே உடையை அப்பா தைத்தால் அது யாருடைய உடை?

கேட்டவர்: வண்ணை தையற்காரர்

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் 26 ஆண்டுகளாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை இவைதான் என் வேலை. தீபாவளித் தையல் முடிந்துவிட்டது, பொங்கலுக்கான துணிகள் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில் மகள் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள்: காஸ்பிளே உடை, அதாவது கதைகளில் வரும் பாத்திரம்போல் வேடமிட அணியும் உடை.

மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் வேடமிட்டுக் கூடும் காமிக் கான் விழா சென்னையில் முதன்முதலாக நடந்தபோது தோழிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று இரவு கடையை மூடிவிட்டு வந்த என்னை உட்காரவைத்து, செல்பேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவள் பாத்திரங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாள். என் கண் தையலில்தான் இருந்தது. ஒரு பையனின் அங்கியில் தோள் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது. இன்னொரு பெண்ணின் மேலங்கியில் கழுத்துப் பட்டை தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸ் துணி வைக்காமல் தைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா, அடுத்த முறை நான் போடப்போகும் உடையை நீங்கள் தைத்துத் தருவீர்களா?"

ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடர் ஒன்றில் வரும் வாள்வீராங்கனை. பெயரைச் சொன்னால் இப்போதே வெளியே தெரிந்துவிடும் என்று தடுத்துவிட்டாள். அகலக் கை வைத்த நீண்ட மேலங்கி, மார்புக் கவசம், தோள் கவசம், இடுப்பில் வாள். அங்கியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவள் காட்டிய காணொளிகளைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். கிமோனோவுக்கு நெய்யும் துணி ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலம்தானாம், நீளம் 12 மீட்டர் அளவுக்கு வருமாம். அதை நேர்நேராக வெட்டி நேர்நேராகவே இணைக்கிறார்கள். வளைத்து வெட்டுவது கிடையாது, வெட்டுத்துண்டும் பெரிதாக விழாது. ரவிக்கை வெட்டிப் பழகிய எனக்கு அதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

கேள்விக்கு வருகிறேன். ஒரு போட்டியின் விதிகளை அவள் படித்துக் காட்டினாள். உடையின் பெரும்பகுதியை அணிபவரே செய்திருக்க வேண்டும், பிறர் செய்த பகுதியைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. நான் தைத்தால் அவள் போட்டியில் நிற்க முடியுமா? போட்டியே வேண்டாம் என்றாலும் எனக்கு ஓர் உறுத்தல் இருக்கிறது. மேடையில் அவள் நிற்கும்போது அது அவளுடைய உடையாக இருக்குமா, என் உடையாக இருக்குமா?

கவசத்துக்கு என்ன பொருள், எப்படி வெட்டுவது என்பதும் எனக்குத் தெரியாது. மூன்றாவதாக ஒரு பயம். அவளுடைய தோழி வேடமிட்டுப் போனபோது யாரோ பின்பக்கமிருந்து காணொளி எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். கீழே வந்த கருத்துகளைப் படித்துவிட்டு அந்தப் பெண் இரண்டு வாரம் கல்லூரிக்கே வரவில்லை. என் மகளுக்கு அப்படி நடக்கக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: குரோம்பேட்டை கவசம்

ஐயா, வணக்கம். நான் ஆறு ஆண்டுகளாக உடை செய்கிறேன். வீட்டில் இதற்கு இன்றும் "மாறுவேடப் போட்டி" என்றுதான் பெயர். என் அப்பாவிடமிருந்து இப்படியொரு கேள்வி வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் உறுத்தலுக்கு. 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு இரண்டு பேர் எதிர்கால உடை அணிந்து வந்தார்கள். ஃபாரஸ்ட் அக்கர்மன், மர்ட்டில் டக்ளஸ். இந்தக் கலையின் தொடக்கமாகப் பலரும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் மர்ட்டில் டக்ளஸ். அதாவது, ஆரம்பத்திலேயே ஒருவர் தைத்ததை இன்னொருவர் அணிந்திருக்கிறார். "காஸ்பிளே" என்ற சொல் பிறகு 1980-களில்தான் வந்தது. ஜப்பானைச் சேர்ந்த நோபுயுகி தகஹாஷி, காஸ்ட்யூம் (உடை), பிளே (நடிப்பு, விளையாட்டு) என்ற இரண்டையும் சேர்த்து எழுதினார். உடை பாதி, அதை அணிந்து அந்தப் பாத்திரமாகவே நிற்பது பாதி. அந்த இரண்டாவது பாதியை நீங்கள் எவ்வளவு முயன்றாலும் தைத்துக் கொடுக்க முடியாது.

ஆனால் போட்டி வேறு. கைவேலைக்கு மதிப்பெண் போடும் இடத்தில் நடுவர்கள் உடையைத் தொட்டுப் பார்ப்பார்கள், உள்பக்கத்தைத் திருப்பச் சொல்வார்கள், "இந்த மடிப்பை எப்படிச் செய்தாய்?" என்று கேட்பார்கள். அப்பா தைத்தது என்றால் அப்படியே சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பரிசு வாங்கினால் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் மூன்று மாத உழைப்பைத் தட்டிப் பறித்ததாகிவிடும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். உங்கள் மகள் கைவேலைப் பிரிவில் நிற்க விரும்பினால் ஊசியை அவளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருங்கள். கற்றுக்கொடுப்பதை எந்த விதியும் தடுக்காது.

இப்போது கவசம். குழந்தைகள் விளையாடத் தரையில் விரிப்பார்களே, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பாய், அதுதான் பொருள். ஈவிஏ ஃபோம் என்று கேளுங்கள். செருப்பின் அடிப்பாகமும் இதே வகைதான். மார்புக்கு 10 மில்லிமீட்டர், தோளுக்கு 5, மேலே ஒட்டும் பூவேலைக்கு 2 மில்லிமீட்டர் போதும். வெட்ட வழக்கமான கட்டர் கத்தி; பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு ஃபோமைக் கிழிக்கும்.

ஐயா, பெண்களுக்கான மார்புக் கவசம் என்பது பிரின்சஸ் கட் ரவிக்கைதான். நான் அதைப் புரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின, மூன்று பாய்கள் வீணாயின. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவீர்கள். உங்கள் பழக்கத்தில் இரண்டை மட்டும் மாற்ற வேண்டும். தையலுக்கு விடும் அரை அங்குலம் இங்கே கிடையாது. விளிம்போடு விளிம்பு ஒட்ட வேண்டும். அடுத்தது தடிமன். 10 மில்லிமீட்டர் ஃபோம் உடம்பைச் சுற்றி வளையும்போது உள்சுற்று சுருங்கும். உடல் அளவுக்கே வெட்டினால் மூச்சுவிட முடியாது. சுற்றளவில் மூன்று சென்டிமீட்டராவது கூட்டிக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்க, பழைய டி-ஷர்ட்டின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் காகித டேப் ஒட்டி, கோடு வரைந்து வெட்டி எடுப்போம். உங்களிடம் அளவு நாடா இருக்கிறது, அது போதும்.

வளைக்க, சூடான காற்றை ஊதும் ஹீட் கன். சூடு காட்டினால் மேற்பரப்பின் நுண்துளைகள் மூடி வழுவழுப்பாகும், வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசை. இரண்டு விளிம்பிலும் தடவி, கையில் ஒட்டாத அளவு உலர்ந்த பிறகே சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் மறுநாள் பிரிந்துவிடும். அந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்றவைக்கும், நெருப்பும் பற்றும். கடைக்குள் வைத்துச் செய்யாதீர்கள், மொட்டைமாடிக்குப் போங்கள். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கார்பன் வடிகட்டி உள்ளதை வாங்குங்கள். வண்ணம் பூசும் முன் வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து மூன்று நான்கு முறை பூசினால் ஃபோம் வண்ணத்தை உறிஞ்சாது.

வாளில் இரும்பு கூடாது, நுனி கூராக இருக்கக் கூடாது. நுழைவாயிலில் சோதிப்பார்கள். ஃபோமில் செய்து, உள்ளே ஒரு பிவிசி குழாய் கொடுத்தால் வளையாது. இரண்டாகக் கழற்றும்படி செய்யுங்கள். வர்த்தக மையத்துக்குப் போக, வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆலந்தூர் வரை ஒரே மெட்ரோவில் வந்துவிடலாம். ஆனால் நீளமான வாளை மெட்ரோவின் பைச் சோதனையில் வைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

அங்கிக்கு லைனிங் மல் துணியாக இருக்கட்டும், பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். அரங்கம் குளிர்சாதன வசதி கொண்டதுதான். வெளியே வரிசையில் நிற்கும் நேரம்தான் உயிரை எடுக்கும். பிப்ரவரியிலும் நம் ஊர் வெயில் 30 டிகிரியைத் தொடும். கவசத்துக்குள் அது இன்னும் அதிகம்.

---

பதில்: திண்ணைக்காரன்

தையற்கார அண்ணனுக்கு வணக்கம். நான் திருவண்ணாமலைப் பக்கம், இப்போது வியாசர்பாடியில் இருக்கிறேன். சிறுவயதில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவன். கட்டியக்காரன் வந்து போன பிறகு திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வருவான். கிரீடம், புஜகீர்த்தி என்னும் தோள் அணி, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருப்பார்கள். அந்த மரம் எடையே தெரியாது. அதனால்தான் விடியும் வரை சுற்றிச் சுற்றி ஆட முடிகிறது. மேலே எழுதிய தங்கை சொல்லும் ஃபோமும் அதே காரணத்துக்காகத்தான் என்று படிக்கும்போது தோன்றியது.

கிரீடம் செய்தவர் ஒருவர், கட்டி ஆடுபவர் ஒருவர். "இது யாருடைய கிரீடம்?" என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. துரியோதனனுடையது, அவ்வளவுதான். தோள் கவசத்தைக் கட்டும் விதத்துக்குப் புஜகீர்த்தியைப் பாருங்கள் அண்ணே. தோளில் ஒட்டாது, குறுக்காக வரும் கயிற்றில் தொங்கும். கையைத் தூக்கினாலும் முகத்தில் இடிக்காது.

---

பதில்: மூன்றுகால் கேமரா

காணொளி பற்றிய பயத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் காணொளி எடுப்பவன். விழாக்களுக்குப் போய் எடுத்து யூடியூபில் போடுகிறேன்.

உங்கள் மகளின் தோழிக்கு நடந்ததைப் படித்து மனம் வலித்தது. இது எல்லா ஊரிலும் இருந்த நோய். 2014-ல் நியூயார்க் காமிக் கானில் "காஸ்பிளே என்பது சம்மதம் அல்ல" என்று பெரிய பலகைகளே வைத்தார்கள். வேடமிட்டு வந்திருக்கிறாள் என்பதற்காக அவளைத் தொடவோ, கேட்காமல் படமெடுக்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்று பொருள். நான் முன்னால் போய் நின்று, கேமராவை இறக்கி வைத்துக்கொண்டு கேட்பேன். சரி என்றால் எடுப்பேன், எடுத்ததைத் திரையில் காட்டுவேன், பிடிக்கவில்லை என்றால் அவர்கள் கண்முன்னே அழிப்பேன். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. பின்பக்கமிருந்து எடுப்பவனுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் செய்கிறான்.

நடைமுறையில் சிலவற்றைச் சொல்கிறேன். மகளைத் தனியே விடாதீர்கள். ஒருவர் பையையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு கூடவே இருக்க வேண்டும். அவர் வேடமில்லாமல் வருவது நல்லது, கண்ணைச் சுற்றிலும் ஓட்ட முடியும். தவறாக நடந்தால் அங்கேயே அமைப்பாளர்களிடம் சொல்லுங்கள். அப்படியும் காணொளி வெளியே வந்துவிட்டால், அதில் அவளை அடையாளம் காண முடிகிறது என்றால், யூடியூபில் தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். "ரிப்போர்ட்" பொத்தானை அழுத்துவது வேறு, இது வேறு. இதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. எந்த நிமிடத்தில் எந்த நொடியில் அவள் வருகிறாள் என்று குறிப்பிட வேண்டும். பதிவேற்றியவருக்கு நீக்குவதற்கு 48 மணி நேரம் கொடுப்பார்கள், அவர் அசையாவிட்டால் யூடியூப் பரிசீலிக்கும். ஆபாசமாக எழுதியிருந்தால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியலாம். தோழியின் காணொளி இன்னும் இருக்கிறதா? இருந்தால் இன்றே புகாரைக் கொடுக்கச் சொல்லுங்கள். காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

---

வண்ணை தையற்காரர் (நான்கு நாட்களுக்குப் பிறகு)

மூவருக்கும் நன்றி. தோழியின் காணொளிக்கு அன்று இரவே மகளும் அந்தப் பெண்ணும் என் கடையிலேயே உட்கார்ந்து புகாரை அனுப்பினார்கள். நேற்று அது நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெண் கடை வாசலில் நின்று அழுதாள். என் மனைவிதான் உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்தாள். மூன்றுகால் கேமரா தம்பி, நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

குரோம்பேட்டை அம்மா, நீங்கள் எழுதியதை மகளிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். "பக்கத்திலிருக்கும் பெண்ணின் உழைப்பு" என்ற இடம் வந்ததும் அவளே சொல்லிவிட்டாள், அங்கியைத் தானே தைப்பதாக. இருபது வயதாகப்போகிறது, இதுவரை என் மிஷினைத் தொட்டதில்லை, நானும் தொடவிட்டதில்லை. படிக்கட்டும் என்று தள்ளியே வைத்திருந்தேன். மிதியைக் காலுக்குப் பழக்கவே இரண்டு நாட்கள் ஆயின. முதல் நாள் நூல் கோக்காமல் வெறும் காகிதத்தில் கோட்டின் மேல் ஓட்டவைத்தேன். என் குருநாதர் எனக்குச் செய்தது அதுதான். நேற்று பழைய வேட்டித் துணியில் ஒரு கையை வெட்டி இணைத்தாள். கை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளே பார்த்தாள், அவளே பிரித்தாள், பதினொன்றரை மணி வரை உட்கார்ந்து மறுபடியும் தைத்தாள். இந்த முறை நேராக இருந்தது.

மார்புக் கவசத்துக்குப் பிரின்சஸ் கட் வரைந்து கொடுத்துவிட்டேன். வரைந்தது நான் என்று போட்டிப் படிவத்தில் எழுதுவதாகச் சொல்கிறாள். தோளுக்குப் புஜகீர்த்தி போலவே கயிறு கொடுக்கப்போகிறோம், திண்ணைக்காரத் தம்பி. ஞாயிற்றுக்கிழமை கொடவுன் தெருவுக்குப் போய் அங்கித் துணியும் மல்லும் வாங்குகிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஃபோம் கவசத்தின் உள்பக்கம் வியர்வையில் உடம்போடு ஒட்டும்தானே? அதற்கும் மல் துணியை ஒட்டலாமா, அல்லது ஊக்கு வைத்துக் கழற்றித் துவைக்கும்படி தனி லைனிங் தைக்கலாமா? தனியாகத் தைப்பதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒட்டிவிடலாம் என்கிறாள் மகள்.