வாழமரம் காயறதுக்குள்ள 14 பேர் பெல் அடிச்சிட்டாங்க, மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துறது தப்பா?

கூடுவாஞ்சேரி குடிவந்தவன்:
கிரகப்பிரவேசம் முடிஞ்சு 11 நாள் ஆகுது, கேட்டுல கட்டின வாழமரம் இன்னும் முழுசா காயக்கூட இல்ல, அதுக்குள்ள விக்க வந்தவங்க 14 பேர். எண்ணி வச்சிருக்கேன். ஆர்ஓ மெஷின் 4, கொசுவலை 3, மாடுலர் கிச்சன் 2, இன்வெர்ட்டர் 2, அப்புறம் சோலார், சிசிடிவி, இன்விசிபிள் கிரில் ஆளுக்கு ஒண்ணு. எங்களுது தரைத்தளம் மட்டும் இருக்கற வீடு, பால்கனியே கிடையாது, கிரில்காரர் அதையும் பாத்துட்டு "மாடி எடுக்கும்போது தேவைப்படும் சார்"ங்கறார்.

இது வரைக்கும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். போன வியாழக்கிழமை நான் ஆபீஸ்ல, வீட்டுக்காரி ஸ்கூல்ல, அப்பா மட்டும் வீட்டுல. ரெண்டு பேர் கழுத்துல கார்டு மாட்டிட்டு வந்து "இந்த ஏரியாவுக்கு தண்ணி டெஸ்ட் பண்றோம், ஃப்ரீ செக்கப்"னு சொல்லியிருக்காங்க. அப்பா பஞ்சாயத்துல இருந்து வந்திருக்காங்கன்னு நினைச்சு உள்ள கூப்பிட்டு காபி போட்டுக் கொடுத்திருக்கார். ரெண்டு டம்ளர், ஒண்ணுல நம்ம போர் தண்ணி, இன்னொண்ணுல அவங்க பாட்டில் தண்ணி, ஏதோ கம்பி வச்ச மெஷினை மேல வச்சு பிளக்ல சொருகியிருக்காங்க. ரெண்டே நிமிஷம், நம்ம டம்ளர் செம்மண் குட்டை மாதிரி ஆயிடுச்சாம், மேல அழுக்கு நுரை வேற. "இதைத்தான் பேரப்பிள்ளை குடிக்குது ஐயா"னு ஒரு வார்த்தை. 18,500 ரூபா மெஷினுக்கு அப்பா 4,000 அட்வான்ஸ் கொடுத்துட்டார். கேன்சல் பண்ணுங்கன்னு போன் பண்ணா புக்கிங் ஏறிடுச்சு, ரீஃபண்ட் கிடையாதுன்னு வச்சிட்டான்.

இனிமே எவன் வந்தாலும் கதவைத் திறக்கறதில்லை, கேட்டுல போர்டு வைக்கப்போறேன். வீட்டுக்காரி "வர்றவங்க மூஞ்சில அடிக்கற மாதிரி என்ன பழக்கம் இது"ங்கறா. நீங்க சொல்லுங்க.

சோதனைக்குழாய்:
நான் பிளஸ் டூக்கு கெமிஸ்ட்ரி எடுக்கறேன். உங்க அப்பா பாத்தது மின்னாற்பகுப்பு, அழுக்கு டெஸ்ட் கிடையாது. அந்தக் கம்பியில ஒண்ணு இரும்பு. தண்ணில உப்பு கரைஞ்சிருந்தா கரண்ட் பாயும், பாஞ்சா இரும்புக் கம்பியே கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு துரு நிறத்துல படியும். அந்தக் குட்டை நிறம் முழுக்க அவங்க கொண்டுவந்த கம்பியில இருந்து வந்தது, உங்க தண்ணில இருந்து வரல. ஆர்ஓ தண்ணில உப்பு ரொம்பக் கம்மி, கரண்ட் சரியா பாயாது, அதனால அது கண்ணாடி மாதிரியே நிக்கும். அடுத்த தடவை யாராவது இந்த வித்தை காட்டினா அவங்க "சுத்தமான" டம்ளர்ல ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டுட்டு திரும்ப ஆன் பண்ணச் சொல்லுங்க, அதுவும் குட்டை ஆயிடும். என் கிளாஸ்ல வருஷா வருஷம் செஞ்சு காட்டறேன்.

டைகட்டினவன்:
வாத்தியார் சொன்னது நூத்துக்கு நூறு சரி, நான் மூணு வருஷம் அந்தக் கம்பிப் பெட்டியைத் தூக்கிட்டு தாம்பரத்துல இருந்து மறைமலைநகர் வரைக்கும் அலைஞ்சவன். ஆனா எல்லாரும் எங்களைத் திருடன் மாதிரி பேசறதால இன்னொரு பக்கமும் சொல்றேன். ஒரு நாளைக்கு நாப்பது வாசல், வெயில்ல டை கட்டிட்டு, அதுல முப்பத்தஞ்சு வாசல்ல ஆள் முகத்தையே பாக்க மாட்டாங்க, நாலு பேர் வேணாம்பாங்க, ஒருத்தர் டெமோ பாப்பார். சம்பளம் பஸ்ஸுக்கும் பரோட்டாவுக்கும் சரியா இருக்கும், மீதியெல்லாம் இன்சென்டிவ். மாசக் கடைசியில டார்கெட் முடியலைன்னா மேனேஜர் மீட்டிங்ல நிக்க வச்சு பேசறதைக் கேட்டிருந்தா நீங்க கதவைத் திறந்திருப்பீங்க.

வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, அதுக்கு ஒரு செகண்ட் ஆகுமா? நாங்களும் மனுஷங்கதான்.

கூடுவாஞ்சேரி குடிவந்தவன்:
அண்ணே, வெயில் கஷ்டம் புரியுது. ஆனா "மெஷின் விக்க வந்திருக்கேன்"னு சொல்லியிருந்தா அப்பா வேணாம்னுதான் சொல்லியிருப்பார். தண்ணி டெஸ்ட்டுன்னு சொன்னதாலதானே உள்ள விட்டார்?

டைகட்டினவன்:
உண்மையைச் சொன்னா எவன் தம்பி கதவைத் திறப்பான்?

கூடுவாஞ்சேரி குடிவந்தவன்:
அதைத்தானே நானும் சொல்றேன்.

மாடம்பாக்கம் மாமி:
நான் நாப்பது வருஷமா வாசல்லதான் வாங்கறேன். சைக்கிள்ல புடவை மூட்டை கொண்டு வருவாரே, தவணைக்குக் கொடுப்பார், சின்ன நோட்டுல எழுதிண்டு போவார், என் பொண்ணு கல்யாணத்துக்குப் பாதிப் புடவை அவர்கிட்டதான். கோலமாவு, பழைய துணிக்குப் பாத்திரம், எல்லாம் வாசல்லதான். விக்க வர்றவாளை நாய் துரத்தற மாதிரி துரத்தினா அடுத்த தலைமுறை எல்லாத்தையும் போன்லயே வாங்கும், பக்கத்து வீட்டுக்காரா பேரும் தெரியாது. போர்டெல்லாம் வேண்டாம்ப்பா, பாக்கவே நன்னாயில்லை.

சோதனைக்குழாய்:
மாமி, உங்க புடவைக்காரர் அடுத்த மாசம் தவணை வாங்க அதே வாசலுக்கு வரணும், சாயம் போனா நீங்க மூஞ்சிக்கு நேரா கேப்பீங்க, அந்தப் பயம் அவருக்கு இருக்கு. இவங்க திரும்ப வரவே மாட்டாங்க. சர்வீஸுக்கு வேற ஆள், ரீஃபண்டுக்கு வேற நம்பர்.

டைகட்டினவன்:
இது எனக்கே உறைக்கற பாயிண்ட். ஒரே தெருவுக்கு ஆறு மாசத்துக்கு ரெண்டாவது தடவை அனுப்ப மாட்டாங்க எங்களை.

சரி, உள்ளே இருந்து ரெண்டு மூணு சொல்றேன், எப்படியும் இப்ப அந்த வேலையில இல்ல. புது வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னு எல்லாரும் கேப்பீங்க, டேட்டா கீட்டா ஒண்ணும் கிடையாது, தெருமுனையில நின்னு பாத்தாலே தெரியும். நிலையில மாவிலை, மேல திருஷ்டி பூசணி, கேட்டுல வாழமரம். வாழமரம் பச்சையா இருந்தா முதல்ல அந்த வீடுதான், ஏன்னா மொய்க் கவர் இன்னும் பீரோல இருக்கும். கேட்டுக்கு வெளிய எம்சாண்ட் குவியல் மட்டும் கிடந்தா போக மாட்டோம், அந்த ஆள் கையில காசு இருக்காது, கொத்தனாருக்கே பாக்கி வச்சிருப்பார். அபார்ட்மென்ட்னா வாட்ச்மேனுக்கு நூறு ரூபா, எந்த ஃபிளாட்ல சாமான் இறங்குச்சுன்னு சொல்லிடுவார்.

அப்புறம் முதல் வார்த்தை. "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா"னு கேக்கச் சொல்லித்தான் டிரெய்னிங். நம்ம ஊர்ல தண்ணி கேட்டவனுக்கு இல்லைன்னு சொல்ற வீடு கிடையாது. சொம்பு கைக்கு வந்ததும் ஒரு வாய் குடிச்சிட்டு முகத்தைச் சுளிக்கணும், பாக்கெட்ல இருந்து டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கற கருவியை எடுத்து அதே சொம்புல விடணும். அவங்க கொடுத்த தண்ணியைக் குறை சொன்னதும் அவங்களுக்கே கூச்சம் வந்துடும், அதுக்கப்புறம் வெளிய போன்னு சொல்ல வாய் வராது. நான் இதை ஆயிரம் வீட்டுல செஞ்சிருப்பேன். ஒரு வீட்டுல மட்டும் ஒரு பாட்டி மோர் கொண்டுவந்து கொடுத்துட்டாங்க, மீட்டரை எங்க விடறதுன்னு தெரியாம குடிச்சிட்டு வந்துட்டேன்.

மாடம்பாக்கம் மாமி:
தாகத்துக்குக் கேட்ட தண்ணில இப்படியா பண்ணுவா? அபிஷ்டு. இனிமே யார் கேட்டாலும் எனக்குச் சந்தேகம்னா வரும்.

பி பிளாக் செக்ரட்டரி:
சட்டமே இருக்கே. 2021 டிசம்பர்ல வந்த நேரடி விற்பனை விதிகள்படி ஐடி கார்டும், முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட்டும் இல்லாம வீட்டுக்கு வரவே கூடாது. எங்க அபார்ட்மென்ட்ல அதைக் காட்டித்தான் கேட்லயே நிறுத்தறோம்.

சோதனைக்குழாய்:
சார், அந்த விதி அப்படிச் சொல்றது உண்மை. ஆனா அது விற்பனையாளர்களை நெட்வொர்க்கா சேத்து, கடை இல்லாம விக்கற கம்பெனிகளுக்குப் போட்டது. இது மாதிரி கம்பெனியோ டீலரோ சம்பளத்துக்கு வச்சு அனுப்பற ஆளுக்கு அதை நேரா பொருத்த முடியாது. கேட்டுல நிறுத்தறதுக்கு உங்களுக்கு விதியே வேணாம், உங்க இடம், நீங்க நிறுத்தலாம்.

ஜெர்சிகாரன்:
இங்க அமெரிக்காவுல வீட்டு வாசல்ல வச்சு 25 டாலருக்கு மேல வித்தா மூணு வேலை நாளுக்குள்ள கேன்சல் பண்ற உரிமை இருக்கு, கேன்சல் ஃபார்மை விக்கறவனே கையில கொடுக்கணும். அதுக்காக இங்க தொல்லை இல்லைன்னு நினைக்காதீங்க. வீட்டுப் பத்திரம் பொது ரெக்கார்ட், வாங்கின அடுத்த மாசமே "கடைசி நோட்டீஸ்"னு பயமுறுத்தி வாரன்டி விக்கற லெட்டர் வரும், பாத்தா பேங்க்ல இருந்து வந்த மாதிரியே இருக்கும், நானே ஒண்ணைப் பிரிச்சுட்டு அரை நாள் பதறினேன். இந்தியாவுல அந்த மூணு நாள் மாதிரி ஏதும் இல்லையா?

சோதனைக்குழாய்:
வாசல்ல வாங்கின எல்லாத்துக்கும் பொதுவா அப்படி ஒண்ணு இல்ல. ஆனா பொய் சொல்லி வித்தா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அது முறையற்ற வணிகம். குடிவந்தவரே, முதல்ல 1915க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். அதுல நகரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், பொருள் மதிப்பு 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. அட்வான்ஸை எப்படிக் கொடுத்தார் அப்பா? கேஷா?

கூடுவாஞ்சேரி குடிவந்தவன்:
ஜிபேல. கம்பெனி பேர்ல இல்ல, வந்த பையனோட சொந்த நம்பருக்கு. ரசீதுன்னு ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு, அதுல ஜிஎஸ்டி நம்பர் கிடையாது.

டைகட்டினவன்:
அப்ப பயப்படாதீங்க, பிடி உங்க கையில இருக்கு. சொந்த நம்பருக்கு வாங்கறது கம்பெனிக்குத் தெரியாம ஓடற கூத்து. கஸ்டமர் கேருக்குப் பண்ணாதீங்க, ஏரியா மேனேஜர் நம்பரை வாங்கி அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்க, வேற ஒரு வார்த்தை எழுத வேணாம்.

பி பிளாக் செக்ரட்டரி:
இதுக்குத்தான் எல்லாத்தையும் முறைப்படுத்தணும்னு சொல்றேன். எங்க இடத்துல தனித்தனியா கதவு தட்ட விடமாட்டோம், ஞாயித்துக்கிழமை கிளப் ஹவுஸ்ல ஸ்டால் போடலாம், ஒரு நாளைக்கு 3,000.

டைகட்டினவன்:
ஆக, வாட்ச்மேன் நூறு வாங்கினா லஞ்சம், அசோசியேஷன் மூவாயிரம் வாங்கினா முறைப்படுத்தல். அந்த ஸ்டால்லயும் நான் நின்னிருக்கேன் சார், அதே கம்பிப் பெட்டிதான். இன்னும் சொல்லப்போனா அங்க ஈஸி, செக்ரட்டரியே அனுமதிச்சிருக்கார்னு ஜனங்க நம்பி வருவாங்க.

பி பிளாக் செக்ரட்டரி:
அந்தக் காசு ஜெனரேட்டர் டீசலுக்குப் போகுது, யார் பாக்கெட்டுக்கும் போகல. கணக்கு நோட்டீஸ் போர்டுல இருக்கு.

ஜெர்சிகாரன்:
டீசல் சரி சார், உள்ள விடறதுக்கு முன்னாடி டெமோ என்னன்னு யாராவது பாத்தீங்களா?

சோதனைக்குழாய்:
ஒண்ணை மறந்துட்டோம். டைகட்டினவர் கோவிச்சுக்க மாட்டார்னா சொல்றேன், டெமோ பொய்ங்கறதால மெஷின் தேவையில்லைன்னு ஆகாது. ஐஎஸ் 10500ங்கற இந்தியக் குடிநீர் தர அளவுபடி குடிதண்ணில டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும். 500க்குக் கீழ இருக்கற தண்ணிக்கு ஆர்ஓ போடறதைத் தடை பண்ணுங்கன்னு பசுமைத் தீர்ப்பாயமே 2019ல சொல்லுச்சு, ஏன்னா மெஷின் பாதிக்கு மேல தண்ணியைச் சாக்கடைக்கு அனுப்பும். உங்களுது போர், குழாய்த்தண்ணி இல்ல, டிடிஎஸ் நிஜமாவே அதிகமா இருக்கலாம். டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. அதனால குடிநீர் வடிகால் வாரிய லேப்ல ஒரு பாட்டில் கொடுத்து டெஸ்ட் பண்ணிட்டு முடிவு பண்ணுங்க.

டைகட்டினவன்:
கோவமே இல்ல. நான் வித்த பாதி வீட்டுல போர் தண்ணி ஆயிரத்துக்கு மேலதான் இருந்துச்சு. உண்மையைச் சொல்லியே வித்திருக்கலாம், அதுக்குப் பத்து நிமிஷம் பேசணும், கம்பிக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

கூடுவாஞ்சேரி குடிவந்தவன்:
அப்டேட். மேனேஜருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி இருபது நிமிஷத்துல அவரே கூப்பிட்டார், சாயங்காலம் 4,000 திரும்ப வந்துடுச்சு, 1915 புகாரை வாபஸ் வாங்குங்கன்னு மூணு தடவை கேட்டார். வாங்கல. லேப்ல கொடுத்தேன், டிடிஎஸ் 1,140, கிருமி இல்ல. அதனால மெஷின் வாங்கத்தான் போறோம், கடையில, பில்லோட.

நடுவுல நேத்து சோலார்காரர் திரும்ப வந்தார், சப்சிடி இந்த மாசத்தோட முடியுது, இன்னிக்கே கையெழுத்துப் போடுங்கன்னு. சூர்யா கர் திட்டம் 2024ல வந்தது, 2026-27 வரைக்கும்னு அறிவிச்சிருக்காங்க, 3 கிலோவாட்டுக்கு 78,000 வரைக்கும் நம்ம அக்கவுன்ட்டுக்கே வரும், அரசாங்க போர்ட்டல்ல நாமளே பதியலாம்னு சொன்னேன். "விவரமா இருக்கீங்க சார்"னு விசிட்டிங் கார்டைக் கொடுத்துட்டுப் போயிட்டார். திட்டல, கதவைச் சாத்தல, வீட்டுக்காரிக்குச் சந்தோஷம். போர்டு மட்டும் அடிக்கக் கொடுத்தாச்சு மாமி, மன்னிச்சுக்கோங்க.

அப்பாவுக்குத்தான் ஆறவே இல்ல. 4,000 பத்திப் பேசறதே இல்ல, "ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தேன்டா அவனுங்களுக்கு"ங்கறதுதான் ரெண்டு நாளா. 300 ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிட்டு வந்தார், கூடவே சோதனைக்குழாய் சார் எழுதினதை என் பொண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டார். இன்னிக்குக் காலையில இருந்து மீட்டரும் கல்லுப்புப் பொட்டலமுமா தெருவுல ஒவ்வொரு வீடா போயி பெல் அடிச்சு விளக்கம் சொல்லிட்டிருக்கார். மூணாவது வீட்டுல ஜன்னல் வழியாவே "எதுவும் வேணாங்க"ன்னு அனுப்பிட்டாங்களாம், கோவமா வந்து உக்காந்திருக்கார்.