9 வாட்ச்சை 5 ஆகக் குறைக்கணும்: எதை விற்பது? 14270 வாங்கலாமா?

மூன்றாம்முள் எழுதியது:

வணக்கம். பெட்டியில் இப்போது இருப்பவை: ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 3570.50, டியூடர் பிளாக் பே 58 (கருப்பு டயல்), கிராண்ட் சீக்கோ எஸ்பிஜிஏ211, ஜேகர் லெகூல்ட்ர் ரிவர்சோ (சாவி கொடுப்பது), டாக் ஹாயர் கரேரா காலிபர் 16, ஓரிஸ் அக்விஸ் 43.5, லாஞ்சின்ஸ் ஹைட்ரோகான்குவெஸ்ட், டிசோ பிஆர்எக்ஸ், அப்பாவின் எச்எம்டி ஜனதா. மணிக்கட்டு 16.5 செ.மீ. சென்னை. ஆபீஸில் ஏசி, போக வர பைக்.

5-க்கு மேல் வேண்டாம் என்று முடிவு. விற்கிற காசில் 1990-களின் ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 14270 ஒன்று எடுக்க ஆசை. ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. சீரியல் நம்பர் எஸ் எழுத்தில் தொடங்குகிறது. டயலில் 6-க்குக் கீழே 'ஸ்விஸ் மேட்' என்று இருக்கிறது. பெட்டி உண்டு, பேப்பர் இல்லை. 'புதுசு மாதிரி பளபளப்பா இருக்கு' என்கிறார் விற்பவர். எதை விற்கலாம், இதை வாங்கலாமா, என்னென்ன பார்க்க வேண்டும்?

சாவிக்காரன் எழுதியது:

விற்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம்.

உங்களிடம் டைவர் வாட்ச் மூன்று, குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ளவை) இரண்டு. ஒரே வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் ஒருத்தர் எப்போதும் பெட்டிக்குள்தான் தூங்குவார். அக்விஸ், ஹைட்ரோகான்குவெஸ்ட், கரேரா, பிஆர்எக்ஸ் நான்கையும் விடுங்கள். ஜனதாவைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது கலெக்‌ஷன் இல்லை, குடும்பம்.

அக்விஸை முதலில் தள்ளச் சொல்வதற்குக் காரணம் அளவு மட்டுமில்லை. அதன் லக் (ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கொம்பு) அமைப்பு தனி. வெளியே விற்கிற சாதாரண ஸ்ட்ராப் எதுவும் பொருந்தாது, செயினோ ரப்பரோ ஓரிஸிடம்தான் போக வேண்டும். 16.5 மணிக்கட்டில் 43.5 உட்காரும் விதமும் தட்டு கவிழ்த்த மாதிரிதான். விட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், மேல் லக் நுனியிலிருந்து கீழ் லக் நுனி வரைக்கும் அளந்து பாருங்கள். உங்கள் மணிக்கட்டுக்கு 48 மி.மீ. தாண்டினால் லக் கைக்கு வெளியே நீட்டும். ஸ்பீட்மாஸ்டர் 42 என்றாலும் லக் கீழ்நோக்கி வளைவதால் தப்பித்துக்கொள்கிறது.

கரேராவில் இருப்பது 7750 குடும்பத்து மெஷின். நல்ல உழைப்பாளி, ஆனால் தடிமன். முழுக்கைச் சட்டை போடுகிறவர் ஸ்பீட்மாஸ்டர் இருக்கும்போது அதை எடுக்கவே மாட்டார்.

சந்தேகமிருந்தால் 90 நாள் காலண்டரில் குறித்துப் பாருங்கள். காலையில் எதைக் கட்டினீர்கள், சாயங்காலத்துக்குள் ஏதாவது காரணத்துக்காகக் கழற்றினீர்களா, இவ்வளவு போதும். ஆறு நாளுக்குக் கீழே வந்தது எதுவோ அதை விற்றுவிடலாம். ரிவர்சோவுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் பொருத்தாதீர்கள். பைக்கில் கட்டுகிற வாட்ச் இல்லை அது. 1931-ல் இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளுக்காகக் கண்ணாடி உடையாமல் திருப்பி வைக்கிற மாதிரி செய்தது என்றாலும், உங்களிடம் இருப்பதை வியர்வையில் போட்டு வதைக்காதீர்கள்.

விற்கும் முன் பாலிஷ் போடாதீர்கள், சர்வீஸும் செய்யாதீர்கள். சர்வீஸுக்குக் கொடுத்த காசை வாங்குகிறவர் விலையில் தரமாட்டார். செயினிலிருந்து கழற்றிய கண்ணிகளைத் தேடி எடுங்கள். ஒரு கண்ணி குறைந்தாலும் கை பெரியவர்கள் விலகிவிடுவார்கள்.

வெள்ளைடயல் எழுதியது:

14270 பற்றி. நீங்கள் சொன்ன மூன்று வரியிலேயே இரண்டு இடத்தில் மணி அடிக்கிறது.

எஸ் சீரியல் என்றால் 1993 வாக்கில் வந்த கேஸ் (வாட்ச்சின் உலோக உடல்). அந்தக் காலத்து டயலில் ட்ரிடியம் (இருட்டில் தானே ஒளிரும் கதிரியக்கப் பூச்சு) பூசியிருப்பார்கள், 6-க்குக் கீழே 'ஸ்விஸ்' என்ற சொல்லோடு 'டி 25' குறியும் இருக்கும். 1998 வாக்கில் ட்ரிடியம் நின்று லுமினோவா (வெளிச்சத்தை வாங்கி ஒளிரும் பூச்சு) வந்தபோது சிறிது காலம் வெறும் 'ஸ்விஸ்' மட்டும் அச்சானது. 'ஸ்விஸ் மேட்' அதற்கும் பிறகு. அப்படியானால் உங்கள் வாட்ச்சில் இருப்பது பிற்பாடு சர்வீஸில் மாற்றிய டயல். போலி என்று சொல்லவில்லை, ரோலக்ஸே போட்டதாக இருக்கலாம். தினமும் கட்டுவதற்கு அதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஒரிஜினல் டயல் விலையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரில் பார்க்கும்போது ஒரு சின்ன யூவி டார்ச் கொண்டு போங்கள். இருட்டில் டயல் மீது 10 விநாடி அடித்து அணையுங்கள். ட்ரிடியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். 1993 டயலில் இன்றைக்கு மிச்சம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே, ஒளிரும் பொடியும் செத்திருக்கும். டார்ச் அணைந்ததும் அதுவும் சில விநாடியில் அணைந்துவிடும். லுமினோவா என்றால் பச்சையாக வெகுநேரம் நிற்கும். டயல் ஒரு மாதிரியும் முள் வேறு மாதிரியும் ஒளிர்ந்தால் இரண்டில் ஒன்று மாற்றியது.

அடுத்தது 'பளபளப்பு'. இந்தக் கேஸில் லக்கின் மேல்பக்கம் கோடு கோடாக மங்கலாகவும் பக்கவாட்டு மட்டும் பளபளவென்றும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்கிற விளிம்பு கத்தி மாதிரி நேராகப் போகும். லூப்பில் (பூதக்கண்ணாடி) பாருங்கள். விளிம்பு வளைந்து உருகியிருந்தால் பாலிஷ் சக்கரம் ஏறியிருக்கிறது. நான்கு லக்கையும் மேலிருந்து ஒப்பிடுங்கள், ஒன்று மட்டும் ஒல்லியாக இருக்கும். பக்கவாட்டில் ஸ்பிரிங்பார் (ஸ்ட்ராப்பை மாட்டும் கம்பி) ஓட்டை இருந்தால் அதன் வாயையும் பாருங்கள். விளிம்பு கூராக இல்லாமல் புனல் மாதிரி சரிந்திருந்தால் நிறைய உலோகம் போய்விட்டது. கீறல் விழுந்த கேஸை வாங்கலாம். கரைந்த கேஸை எந்த சர்வீஸும் திருப்பித் தராது.

செயினைப் படுக்கையாகப் பிடித்தால் பழையது கீழே தொங்கும். கொஞ்சம் தொங்குவது வயசு, வில்லாக வளைந்தால் கண்ணி தேய்ந்துவிட்டது, அதன் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். செயினைக் கழற்றச் சொல்லுங்கள். 6 பக்க லக்குகளுக்கு நடுவே சீரியல், 12 பக்கம் மாடல் எண். கழற்றித் தரமாட்டேன் என்றால் பேச்சு அங்கே முடிந்தது.

பின்மூடியைத் திறக்கச் சம்மதித்தால் மெஷினைப் பாருங்கள். 14270-ல் காலிபர் 3000. பேலன்ஸ் வீலை (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) பிடிக்கிற தகடு ஒரு பக்கம் மட்டும் திருகப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஊன்றிய பாலம் மாதிரி இருந்தால் அது 3130, 2001-ல் வந்த 114270-க்கு உரியது.

டைம்கிராஃபர் பழகியவர் எழுதியது:

மேலே சொன்னதோடு எண்களையும் கேளுங்கள். விற்பவர் ஒரே ஒரு டைம்கிராஃபர் (டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) படம் அனுப்பினால் அதற்கு மதிப்பில்லை. முழுச் சாவி கொடுத்து, குறைந்தது ஐந்து நிலையில், ஒவ்வொன்றும் 30 விநாடி: டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் (சாவித் திருகு) கீழே, கிரவுன் மேலே, கிரவுன் இடது. கருவியில் லிஃப்ட் ஆங்கிள் (மெஷினுக்கேற்ப வைக்கும் கோணம்) 52 வைத்திருக்க வேண்டும். அதை மாற்றி வைத்தால் ஆம்ப்ளிடியூட் (பேலன்ஸ் வீல் ஆடும் கோணம்) பொய் சொல்லும்.

டயல் மேலே இருக்கும்போது 270 முதல் 300 டிகிரி நல்லது. வாட்ச்சைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் 20 முதல் 40 வரை இறங்கும், அது இயற்கை. முழுச் சாவியிலேயே 210 காட்டினால் எண்ணெய் காய்ந்துவிட்டது, முழு சர்வீஸ் வேண்டும். 330-ஐத் தாண்டினாலும் சந்தோஷப்படாதீர்கள். தவறான மெயின்ஸ்பிரிங் (சாவி ஸ்பிரிங்) போட்டிருக்கலாம், பேலன்ஸ் மறுபக்கம் போய் முட்டும். பீட் எரர் (டிக், டாக் இடைவெளிகளின் வித்தியாசம்) 0.6 மில்லிவிநாடிக்குள் இருந்தால் போதும். தினம் 8 விநாடி வேகமாகப் போகிறது ஆனால் ஆம்ப்ளிடியூட் 290 என்றால் பயப்பட ஒன்றுமில்லை, சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்.

இதே கருவியில் உங்கள் கிராண்ட் சீக்கோவை வைத்துப் பார்க்காதீர்கள். அதன் ஸ்பிரிங் டிரைவ் மெஷினில் டிக் டிக் என்று அடிக்க எஸ்கேப்மென்டே கிடையாது, மைக்குக்கு எதுவும் கேட்காது. மாதத்துக்கு 15 விநாடிக்குள் இருக்கிறதா என்று கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டால் போதும். தெருமுனைக் கடையில் அதைத் திறக்கவும் விடாதீர்கள்.

ஸ்பீட்மாஸ்டரையும் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் நட்ட நடுவில், உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒமேகா சின்னம் பொறித்திருக்கும். 10 மடங்கு லூப்பில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இதன் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக், சின்னம் இல்லையென்றால் யாரோ வேறு பிளாஸ்டிக் மாற்றியிருக்கிறார்கள். கீறல் இருந்தால் பாலிவாட்ச் பாலிஷ் பசை ஒரு சொட்டு, பஞ்சில் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்தால் போய்விடும். சஃபயர் கண்ணாடியில் இது வேலை செய்யாது.

தீவுக்காரி எழுதியது (சிங்கப்பூர்):

நம்ம ஊர் காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. சென்னையும் சிங்கப்பூரும் இதில் அக்கா தங்கை.

வாட்ச் ரோல், மரப்பெட்டி எல்லாம் படத்துக்கு அழகு. ஈரம் 70-80 சதவீதம் இருக்கிற வீட்டில் உள்ளே பூஞ்சை வரும், தோல் ஸ்ட்ராப்பில்தான் முதலில் வெள்ளை படரும். கேமராக்காரர்கள் வைத்திருக்கிற டிரை கேபினட் வாங்கி 45-50 சதவீதத்தில் வையுங்கள். 30-க்கு இறக்கினால் தோல் வெடிக்கும். வங்கி லாக்கரில் வைப்பதானால் ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெல்லை மாற்றுங்கள்.

பைக்கில் போகிறவருக்குத் தோல் ஸ்ட்ராப் ஒரு வருடம் தாங்கினால் அதிர்ஷ்டம். வியர்வை உப்பு செயின் கண்ணிக்குள்ளும் ஸ்பிரிங்பாரிலும் உட்கார்ந்து அரிக்கும். பிளாக் பே 58-ஐ (பிபி58) வாரம் ஒருமுறை கிரவுனை இறுக்கித் திருகிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி சோப்பு, மெல்லிய பிரஷ் என்று கழுவுங்கள். ஸ்பீட்மாஸ்டர் 50 மீட்டர்தான், கிரவுன் திருகுவதும் இல்லை, செயினைத் தனியாகக் கழற்றிக் கழுவ வேண்டியதுதான். 14270 வாங்கினால், '100 மீட்டர் தாங்கும்' என்ற கம்பெனிக் கணக்கை நம்பித் தண்ணீரில் இறங்காதீர்கள். கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையம்) மாற்றி பிரஷர் டெஸ்ட் செய்த தேதிதான் கணக்கு.

திடீரென்று தினம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வேகமாகப் போனால் பெரும்பாலும் காந்தம்தான். டேப்லெட் கவர், ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். பேலன்ஸ் வீலை ஆட்டும் ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டீமேக்னடைசர் (காந்தம் நீக்கும் கருவி) மேல் வாட்ச்சை வைத்து, பொத்தானை அழுத்தியபடியே ஒரு கை நீளத்துக்கு மெதுவாக விலக்கி, அதன்பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பக்கத்திலேயே விட்டால் முன்பைவிட மோசமாகும். பிபி58-க்கு இந்தத் தொல்லை குறைவு, சிலிக்கன் ஹேர்ஸ்பிரிங்.

மூன்றாம்முள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேட்டதில் விற்பவர் செயினைக் கழற்றக் கூடாது என்கிறார். கைகழுவிவிட்டேன். வேறு ஒன்று தேடுகிறேன். இரண்டு சந்தேகம். எக்ஸ்ப்ளோரர் வந்தால் பிபி58 தேவையா? பணம் எப்படிக் கைமாற்றுவது?

சாவிக்காரன் எழுதியது:

இரண்டும் கருப்பு டயல், மூன்று முள், தேதி கிடையாது, ஸ்டீல். நான் சொன்ன விதிப்படி ஒன்று போக வேண்டும். நீந்துகிறவர் என்றால் பிபி58 இருக்கட்டும். இல்லையென்றால் அதையும் விற்று, அந்தப் பணத்தில் கரையாத கேஸோடு, ட்ரிடியம் டயல் மாறாத 14270 எடுங்கள்.

வெள்ளைடயல் எழுதியது:

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 30 வயதான வாட்ச் மழையில் பைக்கில் போகாது. பிபி58 இருந்தால்தான் எக்ஸ்ப்ளோரர் பிழைக்கும்.

பணம் விஷயம்: 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது, அபராதம் வாங்கியவர் தலையில் விழும். அதனால் நீங்கள் விற்கும்போதும் வங்கி வழியாகவே வாங்குங்கள், சீரியல் எண் எழுதிய ரசீதில் இருவரும் கையெழுத்திடுங்கள். கடையில் 10 லட்சத்துக்கு மேல் வாட்ச் வாங்கினால் 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது கூடுதல் செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கட்டிக்கொண்டு வெளிநாடு போவதானால் கிளம்பும்போதே சுங்கத்தில் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது 'அங்கே வாங்கியதா' என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

வாங்கிய பிறகு சர்வீஸுக்குக் கொடுத்தால் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: டயல் மாற்ற வேண்டாம், முள் மாற்ற வேண்டாம், கேஸ் பாலிஷ் வேண்டாம். வாயால் சொன்னது பட்டறை வரை போய்ச் சேராது.

தீவுக்காரி எழுதியது:

ஒரு சின்ன விஷயம். உங்கள் ஸ்பீட்மாஸ்டர், பிபி58, கிராண்ட் சீக்கோ மூன்றுக்கும் 20 மி.மீ. ஸ்ட்ராப் மாற்றி மாற்றிப் போடலாம். 14270-க்கு 19. 20-ஐ அமுக்கி நுழைத்தால் தோல் ஓரம் மடங்கிச் சுருங்கும், ஸ்பிரிங்பாரும் நேராக உட்காராது. 19-ஐயே தேடி வாங்குங்கள், அதோடு நாலு ஸ்பிரிங்பாரும் சேர்த்து.