கிறிஸ்டல் ரேடியோ வாங்கினேன், ஒரு சத்தமும் இல்லை. உதவுங்கள்

கல்லடிக்காரன்:
கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் 18,000 ரூபாய் கொடுத்து ஒரு கிறிஸ்டல் ரேடியோ வாங்கி வந்தேன். மரப்பெட்டி, மேலே கறுப்பு எபோனைட் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) பலகை, சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் கல்லும் மெல்லிய கம்பியும். கரண்ட், பற்றரி ஒன்றும் இல்லாமல் பாடும் என்றார் கடைக்காரர். மூன்று இரவாக ஒரு கரகரப்புக்கூட இல்லை. ஏரியலுக்கு முற்றத்துத் தென்னையிலிருந்து 60 அடி வயர் இழுத்திருக்கிறேன். எர்த்துக்கு மணலில் ஒரு கம்பி. காதுக்கு, போன் இயர்போனின் வயரை வெட்டி இணைத்தேன். கல் மங்கிப்போய் இருக்கிறது, சாண்ட் பேப்பர் போடலாமா? அதே கடையில் இன்னொன்று 25,000 சொல்கிறார். அதையும் எடுக்கவா?

கல்முனை ரேடியோ திருத்துநர்:
தம்பி, முதலில் அந்த சாண்ட் பேப்பரைக் கீழே வையுங்கள். அது கலீனா, ஈயமும் கந்தகமும் சேர்ந்த கல். விரல் எண்ணெய் பட்டாலே மந்தமாகிவிடும். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். சோல்டரிங் அயனையும் கிட்டக் கொண்டு போகாதீர்கள், சூடு பட்டால் கல் கெட்டுவிடும்.

உங்கள் பிழை இயர்போனில்தான். போன் இயர்போனின் மின்தடை 16, 32 ஓம்தான். இந்தப் பெட்டிக்கு 2000, 4000 ஓம் பழைய ஹெட்போன் வேண்டும். ஏரியலில் வரும் துளி சக்தியே முழுச் சத்தமும். அதைப் போன் இயர்போனால் சத்தமாக்க முடியாது.

ஆரையம்பதி:
எர்த்தும் சரியில்லை. நம் கரையோர மணல் மேலே காய்ந்து கிடக்கும். குழாய்க்கிணறு இரும்புக் குழாயாக இருந்தால் அதில் கட்டுங்கள், பிவிசி என்றால் பிரயோசனம் இல்லை. மழை இடி வருவதற்கு முன்பே ஏரியலைக் கழற்றி வெளியே எறிந்துவிட வேண்டும், இடி தொடங்கிய பிறகு அதைத் தொடக்கூடாது, மறக்காதீர்கள்.

கல்லடிக்காரன்:
நன்றி அண்ணன். ஹெட்போன் தேடுகிறேன். ஆனால் பிறை எஃப்எம் கேட்குமா?

கல்முனை ரேடியோ திருத்துநர்:
கேட்காது. இது மத்திய அலைக்கு (மீடியம் வேவ்) மட்டும். ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ரேடியோவில் இரவில் மத்திய அலையை உருட்டிப் பாருங்கள். அதிலேயே பலமாக வராத நிலையம் இதில் வரவே வராது. தூத்துக்குடி ஆகாசவாணி, 1053 கிலோஹேர்ட்ஸ், 200 கிலோவாட். சுமார் 400 கிலோமீட்டர் என்றாலும் இருட்டினால் கடல் தாண்டி வரும். கம்பி முனையால் கல்லில் சத்தம் தரும் இடத்தைத் தேடுவது எரிச்சல் பிடித்த வேலை. அதனால் முதலில் கல்லின் வேலையையே செய்யும் ஒரு ஜெர்மானியம் டயோடை, ஓஏ91 அல்லது 1என்34, கம்பியைக் கல்லிலிருந்து தூக்கிவிட்டு, கல்லுக்குக் குறுக்கே பிடித்துப் பாருங்கள். பாடினால் கோளாறு கல்லில். பாடாவிட்டால் சுருளில், அல்லது வயரில்.

அக்கரைப்பற்று சேகரிப்பாளன்:
இரண்டாவதைப் பற்றி: பலகையின் திருகாணித் தலையைப் பாருங்கள். கூட்டல் குறி வெட்டு என்றால் 1920களின் பெட்டி இல்லை, அந்த ஆணி சந்தைக்கு வந்ததே 1930களின் நடுவில். பிறகு, எபோனைட்டைப் பெருவிரலால் சூடேறத் தேயுங்கள், கந்தக வாசம் வர வேண்டும். வெயில் பட்ட பழைய பலகை பச்சையும் பழுப்புமாக வெளிறியிருக்கும். கன்னங்கரேலென்று மின்னினால் எனக்குச் சந்தேகம்.

கல்லடிக்காரன்:
கடைக்காரர் படம் அனுப்பினார். நாலு மூலையிலும் கூட்டல் குறி. விட்டுவிட்டேன். பழைய ஹெட்போன் ஒன்று மாமா வீட்டுப் பரணில் கிடைத்தது. ஒரு பக்கம் செத்துப் போச்சு. மற்றப் பக்கத்தில் நேற்று இரவு ஒன்பது மணிக்கு, டயோடைப் பிடித்தபடி, ஒரு பெண் குரல் செய்தி வாசித்தது. இன்றைக்குக் கம்பியைக் கல்லில் வைத்துத் தேடப் போகிறேன்.