சாவியை நீட்டியவன்: ‘தி அபார்ட்மென்ட்’ பார்த்த அனுபவங்கள்

‘தி அபார்ட்மென்ட்’ படத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. காமெடிப் படம் என்று சொல்லி நண்பன் டிவிடியைக் கையில் திணித்தான். பாதி வரைக்கும் சிரித்தேன். அதற்கப்புறம் ஏன் சிரிப்பு வரவில்லை என்று யோசிக்கிற வயது இல்லை அது. மறுபடி பார்த்தது ஏழு வருடம் கழித்து. அதற்குள் நானும் வேலைக்குப் போய், ஒரு மேலதிகாரியிடம் என் அறைச் சாவியை நீட்டியிருந்தேன்.

முதலில் கதை. 1960-ல் பில்லி வைல்டர் எடுத்த படம், ஐ.ஏ.எல். டயமண்டும் அவரும் சேர்ந்து எழுதியது. நியூயார்க்கில் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி, தலைமை அலுவலகத்தில் மட்டும் 31,259 பேர். 19-வது மாடியில் 861-ம் எண் மேசை பாக்ஸ்டருடையது. பிடித்தம் போக வாரம் 94 டாலர் 70 சென்ட் சம்பளம். சென்ட்ரல் பார்க் பக்கத்தில் 85 டாலர் மாத வாடகைக்கு ஒரு வீடு, தனி ஆள். பெண்டாட்டிக்குத் தெரியாமல் பெண்களைக் கூட்டிவர நான்கு அதிகாரிகள் அந்த வீட்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்கிறார்கள். பதிலுக்கு அவனைப் பற்றி மேலிடத்துக்கு நல்லபடியாக எழுதுகிறார்கள். அப்புறம் ஐந்தாவதாகப் பெரிய அதிகாரி ஷெல்ட்ரேக்கும் சாவி கேட்கிறார். அவர் கூட்டிவருவது லிஃப்ட் இயக்கும் ஃப்ரான் குபெலிக்கை. பாக்ஸ்டர் மனசுக்குள் வைத்திருக்கும் பெண்ணும் அவள்தான்.

டேவிட் லீனின் 1945 படமான ‘பிரீஃப் என்கவுன்ட்டர்’ பார்த்துத்தான் வைல்டருக்கு இந்தக் கரு பிடிபட்டது. அதில் காதலர்கள் சந்திக்க ஒரு நண்பனின் வீடு. அவர்கள் போனபிறகு அதே வீட்டுக்குத் திரும்பிவரும் அந்த நண்பன் யார், அவன் கதை என்ன என்று வைல்டர் யோசித்திருக்கிறார். எல்லோரும் காதலர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண் அந்த நண்பன் மேல் போனது.

என் கதைக்கு வருகிறேன். மாடியில் ஒற்றை அறை, கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்திருக்கிறார், சனிக்கிழமை மதியம் மட்டும் ரூம் கிடைக்குமா என்று மேலதிகாரி கேட்டார். சரி சார் என்றேன். யார் வரப்போகிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அன்றைக்கு நான்கு மணி நேரம் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிவந்தபோது வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஓனரம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் இல்லை, அது வேறு ஒருவர் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கொடுத்தது யார் என்ற கேள்வி வரும்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது அதனால்தான் பக்கத்து வீட்டு டாக்டர் ட்ரைஃபஸ் பேசும் இடமெல்லாம் என்னைத் தைத்தது. ராத்திரிக்கு ஒரு பெண்ணோடு கும்மாளம் போடுகிறவன் பாக்ஸ்டர்தான் என்று நினைத்து அவர் திட்டுகிறார். அவன் மறுப்பதே இல்லை. பார்க் பெஞ்சில் படுத்து ஜலதோஷம் பிடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒரு ராத்திரி தன் வீட்டில் தான் தூங்குவதற்காக அதிகாரிகளுக்கு மாறி மாறி போன் போட்டு நாள் மாற்றுகிறான் பாருங்கள், அந்தக் காட்சியில் பாக்ஸ்டராக நடித்த ஜாக் லெமனின் குரலில் உள்ள பணிவை நான் என் குரலிலேயே கேட்டிருக்கிறேன்.

ஆனால் படத்தில் எனக்கு மேலான இடம் கைக்கண்ணாடிதான். ஷெல்ட்ரேக்கோடு வந்த பெண் யாரென்று தெரியாத சமயத்தில், தன் வீட்டில் கிடந்த ஒரு பவுடர் டப்பாவை பாக்ஸ்டர் அவரிடம் திருப்பிக் கொடுக்கிறான். உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஆபீஸில் பார்ட்டி. பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் புதுத் தொப்பியை வைத்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று ஃப்ரானிடம் கேட்கிறான். நீயே பார்த்துக்கொள் என்று அவள் தன் டப்பாவைத் திறந்து நீட்டுகிறாள். விரிசல் விட்ட அதே கண்ணாடி. அதில் அவன் முகம் இரண்டாகத் தெரிகிறது. கண்ணாடி உடைந்திருக்கிறதே என்கிறான். தெரியும், என் மனசு இருக்கிற மாதிரியே இதுவும் காட்டுகிறது, அதனால் பிடிக்கும் என்கிற மாதிரி அவள் சொல்கிறாள். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவனுக்கு விளங்கியது அவளுக்குத் தெரியாது. ஒரு வசனம் கத்தவில்லை, யாரும் அழவில்லை. தொப்பி மட்டும் இன்னும் அவன் தலையில் இருக்கிறது.

அந்த ஆபீஸ் ஹாலையும் நின்று பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மேசைகள். அலெக்சாண்டர் ட்ரானர் அமைத்த செட் அது. பின்னால் போகப் போக மேசைகளைச் சின்னதாகச் செய்து, கடைசியில் குழந்தைகளை உட்காரவைத்து அந்த நீளத்தைக் காட்டியிருக்கிறார். கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் வாங்கிய வேலை. படத்துக்கு மொத்தம் ஐந்து ஆஸ்கர். கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு அந்த ஹாலைப் பார்த்தால் அடிவயிறு குளிரும்.

நீங்கள் எப்போது, எப்படிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

*

அண்ணா, உங்களுக்குக் கண்ணாடி. எனக்கு அந்த நூறு டாலர் நோட்டு.

பதினோரு வருடம் ரிசப்ஷனில் உட்கார்ந்தவள் நான். ஷெல்ட்ரேக்கும் ஃப்ரானும் வழக்கமாகப் போகும் சீன ரெஸ்டாரண்டில் பியானோ வாசிப்பவரின் இசைத்தட்டைத் தேடி வாங்கி ஃப்ரான் ஷெல்ட்ரேக்குக்குப் பரிசு கொடுக்கிறாள். கடைக்குப் போக நேரமில்லை, நீயே ஏதாவது வாங்கிக்கொள் என்று அவர் நூறு டாலர் நோட்டை எடுத்து நீட்டுகிறார். வீட்டுக்கு வாங்கிய பரிசுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவள் பேசாமல் கோட்டைக் கழற்ற ஆரம்பிக்கிறாள், பணம்தான் கொடுத்தாயிற்றே என்று. ஃப்ரானாக நடித்த ஷெர்லி மெக்லைன் அதை எந்த ஆவேசமும் இல்லாமல் சொல்கிறார். எனக்கு அந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. எல்லோரும் அவள் லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றுகிறவன் பாக்ஸ்டர் ஒருவன்தான், அதை அவளே சொல்கிறாள். தினம் நூறு பேருக்கு வணக்கம் சொல்கிற வேலையில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

மிஸ் ஓல்சனை யாரும் பேசுவதில்லை. ஷெல்ட்ரேக்கின் செக்ரட்டரி, ஒரு காலத்தில் ஃப்ரானின் இடத்தில் இருந்தவள். அவளை வேலையை விட்டு அனுப்பியதும் போனை எடுத்து அவர் மனைவியையே கூப்பிடுகிறாள். எனக்கு அவள் மேல் மரியாதை உண்டு. அந்த ஆபீஸில் மேலே இருக்கும் ஒருவரை எதிர்த்து முதலில் காரியம் செய்தவள் அவள். தன் வீட்டுச் சாவி என்று ஷெல்ட்ரேக் நினைக்க, அதிகாரிகள் பாத்ரூமின் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு பாக்ஸ்டர் வேலையை உதறுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

*

அக்கா, நான் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து ஹாஸ்டலில் லேப்டாப்பில் பார்த்தேன். அந்த நூறு டாலருக்கு அப்புறம் பாக்ஸ்டர் வீட்டிலேயே தூக்க மாத்திரை சாப்பிட்டுக் கிடக்கும் ஃப்ரானை டாக்டர் ட்ரைஃபஸ் அறைந்து எழுப்பி, காபி கொடுத்து, தூங்கவிடாமல் நடக்கவைப்பார். இன்றைக்கு நாங்கள் அப்படி நடக்கவைக்க மாட்டோம். ஆஸ்பத்திரியில் மூச்சையும் ஆக்ஸிஜனையும் பார்த்துக்கொண்டு படுக்கவைத்தே கவனிப்போம். ஆனாலும் அந்தக் காட்சியில் டாக்டர் ஒரு நொடிகூட நடிப்பது போலத் தெரியவில்லை. காபியும் வியர்வையுமாக, தூங்கவிடாமல் இழுத்துக்கொண்டே போகிற அந்தச் சலிப்பு எங்களுக்குப் பழக்கமானது.

அவர் பாக்ஸ்டரிடம் யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் ‘மென்ஷ்’ ஆக இரு என்கிறார். மனுஷனா இருடா என்று எங்கள் ஊரில் தாத்தாக்கள் திட்டுவது அப்படியே அதுதான்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த இரண்டு நாட்கள். அறிவுரை எதுவும் இல்லை. சீட்டாடுகிறார்கள். டென்னிஸ் மட்டையில் ஸ்பகெட்டியை வடிகட்டி அவளுக்குச் சமைக்கிறான். வார்டில் இப்படி வந்து பிழைத்த பெண்கள் பக்கத்தில் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிற சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். சும்மா பக்கத்தில் இருக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

*

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் போட்டேன். மூன்றாம் தடவை. இதுவரை கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. அவள் மறுபடி முயற்சி செய்யலாம் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். பாக்ஸ்டர் குளியலறைக்குப் போய், தன் ஷேவிங் ரேசரைத் திறந்து பிளேடை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறான். அவளுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்வதும் இல்லை. போட்டுக்கொண்டு வெளியே வந்து சீட்டுக்கட்டை எடுக்கிறான்.