‘கிரெபஸ்குலர்’ புன்னகைக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

பினாங்கு லெபோ பாசாரில் நடக்கும் ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்க்கிறேன். நான்கு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன். பூக்கடையை மூடும் பாட்டியின் முகத்தில் ‘கிரெபஸ்குலர்’ புன்னகையாம்.

லத்தீனில் ‘கிரெபஸ்குலம்’ என்றால் அந்தி மங்கல். விலங்கியலில் விடியலிலும் அந்தியிலும் நடமாடும் உயிர்களுக்கு இதே சொல். கதையிலோ வெளிச்சமும் இருட்டும் கலந்த ஏதோ ஒன்று.

‘அந்திப் புன்னகை’ போட்டுப் பார்த்தேன், சினிமாப் பாட்டு மாதிரி இருந்தது. ‘மங்கிய’ என்றால் பாட்டிக்கு உடம்பு சரியில்லையோ என்று படுகிறது. ‘வைகறை’ விடியலோடு நின்றுவிடுகிறது, ‘எற்பாடு’ சாயும் பொழுதோடு. அப்புறம் அம்மா ‘கருக்கல்’ என்றார். எங்கள் வீட்டில் அது இரண்டு பொழுதுக்கும் புழங்கும் சொல். எனக்குப் பிடித்துவிட்டது, ஆனால் என் தங்கைக்கே புரியவில்லை.

வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். ‘கருக்கல் புன்னகை’ என்று படித்தால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறதா?